பேச்சுப் பெட்டியில் வாய் வைத்தவர்கள்

மணி அடித்தால் ஓட வேண்டும், ஓடிப்போய் ஆளைக் கூட்டி வர வேண்டும், வந்த ஆள் பேசும்போது காது கேளாதவள் போல நிற்க வேண்டும். எங்கள் தொழில் இவ்வளவுதான்.

மலைக்கு மேலே ஆற்றை மறித்து அணை கட்டுகிறார்கள் அல்லவா, அந்த வேலைக்கு வேண்டிய சுண்ணாம்பு, அரிசி, கயிறு, இரும்பு எல்லாம் கம்பம் பக்கத்துக் கூடலூருக்கு மேற்கே அடிவாரத்தில் வந்து இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் மலை ஏறும். அடிவாரத்தில் ஒரு ஓலைக் கொட்டகை இருக்கிறது. கொட்டகைக்குள் ஒரு மரப்பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி புறப்பட்டு, மரம் மரமாகத் தொற்றிக்கொண்டு மேல்முகாம் வரைக்கும் போகிறது. இங்கன பேசினால் அங்கன கேட்கும். வாய் வைத்துப் பேச ஒரு குழல், காதில் வைத்துக் கேட்க ஒரு குழல், பக்கத்தில் சுற்ற ஒரு கைப்பிடி. மேலே இருக்கிறவர்கள் சுற்றினால் கீழே மணி அடிக்கும். பெட்டிப் பொறுப்பில் இருக்கிற குமாஸ்தா கேட்டு, "இன்னாரைக் கூப்பிடு" என்பார். நான் ஓடுவேன்.

என் பெயர் அருளாயி. வீட்டுக்காரர் தவறி ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் ஏலக்காய் வாங்க மலை ஏறி இறங்கினவர். அந்த வகையில் மலையாளப் பேச்சு எனக்கும் கொஞ்சம் பிடிபடும். பிள்ளைகள் மூன்று பேரும் தலையெடுத்துவிட்டார்கள். சாமியார் வைத்த பள்ளிக்கூடத்தில் செபப் புத்தகம் வாசிக்கிற அளவுக்குப் படித்தேன். குரலை உயர்த்திப் பேசிப் பழக்கமில்லை. அதை வைத்து என்னைப் பயந்தவள் என்று சில பேர் முடிவு கட்டிவிட்டார்கள். என்னைப் போலவே இரண்டு பேருக்கு நடுவே ஓடிப் பிழைக்கிறவர்களே, அந்த முடிவு உங்கள் தலையிலும் விழுந்திருக்கும். ஆகையால் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

தலையாட்டு

வண்டி மேஸ்திரி ஒச்சாத்தேவர் சொன்னால் அடிவாரத்து வண்டி அத்தனையும் புறப்படும்; சொன்னால் நிற்கும். மேல்முகாமில் அந்த வண்டிகளை வாங்கிப் பாரம் இறக்குகிறவன் பைலி என்கிற கொச்சித் தச்சன். மலைப்பாதையில் இருக்கிற மரப்பாலங்களும் அவன் பொறுப்பு. பாதை நன்றாயிருக்கிறது என்று அவன் வாயால் வராமல் ஒரு வண்டியும் ஏறாது. மேஸ்திரிக்கு மலையாளம் வராது. பைலிக்குத் தமிழ் அரைகுறை. ஆனாலும் பெட்டி வருவதற்கு முன்னால் இரண்டு பேரும் வாரத்துக்கு இரண்டு தடவை நடுப்பாதையில் உட்கார்ந்து, வெற்றிலை மென்றபடி கையாலும் தலையாலுமே எல்லாம் பேசி முடிப்பார்கள். ஒரு தப்பு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பெட்டி வந்த முதல் நாள் மேஸ்திரியைக் கூட்டி வந்து நிறுத்தினேன். "நாளைக்குக் காலத்தே இருபது வண்டி வருமோ?" என்று மேலிருந்து பைலி கேட்டான். மேஸ்திரி தலையை ஆட்டினார். மறுபடி கேட்டான். இன்னும் பலமாக ஆட்டினார். மூன்றாம் தடவை அவன் போட்ட கூச்சல் குழலைத் தாண்டி எனக்கே கேட்டது. "மேஸ்திரி, நீங்க தலையாட்டுறது அவுகளுக்குத் தெரியாது. வாயத் தொறந்து சொல்லுங்க" என்றேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, நன்றாகத் தெரியட்டும் என்று இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "எங்க எருதுக்குப் புரியிற தலையாட்டு இந்தக் கொச்சிக்காரனுக்குப் புரியலையாக்கும்!"

துண்டுக்கு அடியில்

மேஸ்திரி இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். துண்டைப் போட்டு மூடி, அதற்கு அடியில் எதிராளியின் விரலைப் பிடித்துப் பேசித்தான் அவருக்குப் பழக்கம். எத்தனை வண்டி தயார், எத்தனை மாடு நோஞ்சான் என்கிற சங்கதி எல்லாம் நாலு பேர் காதில் விழச் சொல்ல அவருக்கு வாய் வராது. குமாஸ்தா வேறு பக்கத்தில் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு நாள் பைலி வண்டிக் கணக்கு கேட்டதும் மேஸ்திரி துண்டை எடுத்துப் பெட்டி மேல் போட்டு மூடினார். அடியில் கையை விட்டார். பேசுகிற குழலைப் பிடித்து மூன்று விரலால் அழுத்தினார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அன்றைக்குச் சாயந்திரம் செபமாலை சொல்லும்போது சிரித்த பாவத்துக்கு மனஸ்தாபப்பட்டேன். காலமெல்லாம் விரலால் பேசின மனுஷன் அவர். விரலை வாங்கி வைத்துக்கொண்டு வாயை மட்டும் விட்டால் என்னதான் செய்வார்? கையை வெளியே எடுத்து அதையே பார்த்துக்கொண்டு அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "பேச ஆள் இருக்கான், பிடிக்கக் கை இல்ல. இது என்ன பேச்சு ஆத்தா?"

விஷயம் மட்டும்

இதெல்லாம் பார்த்துக் குமாஸ்தாவுக்குப் பொறுக்கவில்லை. மதுரையிலிருந்து வந்தவர், இங்கிலீஷ் படித்தவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். "இனிமேல் பெட்டியில் என் வாய் மட்டும்தான். மற்றவர்கள் என்னிடம் சொல்லுங்கள், நான் மேலே சொல்கிறேன். மேலே சொல்வதை உங்களுக்குச் சொல்கிறேன்" என்று உத்தரவாகிவிட்டது. கேட்கிறதற்கு நன்றாகத்தான் இருந்தது. பைலியோ அங்கிருந்து மூச்சு விடாமல் ரொம்ப நேரம் பேசுவான். குமாஸ்தா குழலைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். பிறகு குழலை வைத்துவிட்டு மேஸ்திரியிடம் நாலே வார்த்தை சொல்லுவார்.

ஒரு நாள் அப்படித்தான், "பாதிப் பாரம்தான் ஏற்ற வேண்டும். மேலிருந்து உத்தரவு" என்றார். மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. "உத்தரவா? என் மாட்டுக்கு அந்த உளிக்காரன் உத்தரவு போடுறானா?" என்று கேட்டுவிட்டு, வேண்டுமென்றே முழுப் பாரம் ஏற்றி அனுப்பினார். "அவுக அம்புட்டு நேரம் பேசினாகளே, முழுசையும் சொல்லிரலாமே ஐயா" என்று நான் மெதுவாகக் கேட்டேன். குமாஸ்தா பேனாவை மையில் தோய்த்தபடி சொன்னார்: "மாடு, பலகை, மரியாதை எல்லாம் கம்பியில் எதற்கு அம்மா? விஷயம் மட்டும் போதும்."

பைலி இறங்கி வந்தது

அன்றைக்கு மரப்பாலத்தில் பலகை ஒடிந்து வண்டிச் சக்கரம் உள்ளே போயிற்று. மேஸ்திரி வண்டியில் இடப்பக்கம் பூட்டின காளைக்கு முழங்கால் தோல் உரிந்துவிட்டது. இரண்டு நாள் ஒரு வண்டியும் ஏறவில்லை. பெட்டி மணி அடித்துக்கொண்டே இருந்தது; மேஸ்திரி வர மாட்டேன் என்றுவிட்டார். மூன்றாம் நாள் பைலி அத்தனை தூரமும் நடந்தே கீழே இறங்கி வந்தான். கொட்டகை வாசலில் இரண்டு பேரும் முட்டிக்கொள்ளாத குறை.

"பலக மாத்துறேன், இன்னைக்கு ஒரு திவசம் மாத்திரம் பாதிப் பாரம், மேஸ்திரியோட மாடு நல்ல மாடு, அவரு கோபிக்கக் கூடாதுன்னு நான் பறஞ்சேனே!" என்று பைலி கத்தினான்.

"யாருகிட்டடா சொன்ன?"

பைலி பெட்டியைக் கைகாட்டினான். பெட்டிக்கு முன்னால் குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. மேஸ்திரி பைலியின் கையைப் பிடித்துத் தன் துண்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அதற்குள் என்ன பேசிக்கொண்டார்களோ, இரண்டு பேர் முகமும் தணிந்தது. பிறகு மேஸ்திரி உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னார்: "குமாஸ்தய்யா, நீங்க காயிதம் எழுதுங்க. இனிமே இந்தக் கொச்சிக்காரனை நானே திட்டிக்கிறேன்."

மூன்று சிரட்டை

அதற்குப் பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. மேஸ்திரி பேசக் கற்றுக்கொண்டார். சுண்ணாம்பு அள்ளுகிற பெண்களுக்கு மூப்பாக இருக்கிற மூக்கம்மாவும் வந்து பேசினாள். சூளையிலிருந்து எடுத்த சுண்ணாம்பு ஆறிவிட்டதா, வண்டியில் ஏற்றலாமா என்பதை அவள் கை வைத்துப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு; குமாஸ்தாவோ மேஸ்திரியோ சொல்ல முடியாது. சேரிப் பெண். குரல் கணீர் என்று இருக்கும். அவள் பேசினால் குழலைக் காதில் வைக்கவே வேண்டியதில்லை என்று பைலி சொல்வான்.

ஒரு காலையில் அவள் பேசி முடித்துத் திரும்புகிறாள், மேஸ்திரி உள்ளே வருகிறார். அப்படியே நின்றுவிட்டார். "இதுல இவ வாய் வச்சாளா?" என்றார். அதுவரை அவருக்கு அது தோன்றவே இல்லை. ஒரு குவளையில் இரண்டு பேர் குடிக்காத ஊரில், ஒரே குழலில் எல்லார் மூச்சும் எச்சிலும் படுகிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். குமாஸ்தா இதற்குத்தான் காத்திருந்தவர் போல உடனே வழி சொன்னார்: ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டை; கண்ணைக் குடைந்து ஓட்டை போட்டுக் குழல் மேல் கவிழ்த்துப் பேச வேண்டியது, பேசினதும் எடுத்து மாட்டிவிட வேண்டியது. அவருக்கும் மேஸ்திரிக்கும் கொட்டகைக்குள்ளே ஆணி. மூக்கம்மாவின் சிரட்டைக்கு வெளியே புங்கமரத்தில் ஆணி. ஆணி அடித்தது நான்தான். சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும், ஆகையால் சொல்கிறேன். மறுநாள் மூன்று பேரும் சிரட்டை வைத்துப் பேசி முடித்ததும் பைலி என்னைக் கூப்பிட்டுக் கேட்டான்: "அருளாயி சேச்சி, எல்லாரும் கிணத்துக்குள்ள விழுந்து போச்சோ?"

கேட்கக் கூடாத இடத்தில் கேட்டது

மழை பெய்தால் புங்கமரத்துச் சிரட்டையில் தண்ணீர் நிற்கும். வெயில் அடித்தால் கட்டெறும்பு ஏறும். மூக்கம்மா அதைத் தட்டித் தட்டித்தான் எடுப்பாள். ஒரு நாள் எறும்பு உதட்டில் கடித்துவிட்டது. வீங்கின உதட்டோடு, "நாங்க அள்ளின சுண்ணாம்புல அணையே நிக்கும்ங்குறாக. எங்க மூச்சுப் பட்டாப் பெட்டி நிக்காதாக்கும் ஆத்தா?" என்று கேட்டாள். அன்று முதல் சாயந்திரம் அந்தச் சிரட்டையை எடுத்துக் கொட்டகைக்குள் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். காலையில் குமாஸ்தா ஆள் விட்டு வெளியே மாட்டுவார். சாயந்திரம் நான் உள்ளே மாட்டுவேன். சிரட்டை போய்ப் போய் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய், "சாமி, ஒருத்தி வாய் பட்டதுன்னு ஒரு சாமானை வெளியில மாட்டுறது சர்வேசுரனுக்கு அடுக்குமா?" என்று கேட்டேன். அவர் கோயிலுக்குள்ளே பார்த்தார். நானும் பார்த்தேன். பின்னால் வடக்கு ஓரத்தில், கயிறு கட்டித் தடுத்த இடத்தில், சேரிச் சனங்களுக்குத் தனியாகப் போட்டிருந்த பாய்களை உபதேசியார் சுருட்டிக்கொண்டிருந்தார். சாமியார் நல்லவர், பொய் சொல்ல மாட்டார். பார்வையைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "அருளாயி, பேச்சுப் பெட்டியைப் பற்றி நம் ஞானோபதேசத்தில் ஒன்றும் சொல்லவில்லையே."

மூத்தவன்

ஓடைப்பட்டியில் குடித்தனம் இருக்கிற என் மூத்த மகனுக்குச் சிரட்டைச் சங்கதி எப்படியோ எட்டிவிட்டது. வண்டி கட்டிக்கொண்டு வந்து நின்றான். மருமகள் வீட்டார் ஏதோ கேட்டிருக்கிறார்கள். "செபத்தச் சொல்லிக்கிட்டு வீட்டோட இருங்க ஆத்தா. ஒங்களுக்கு இங்கன என்ன குறை?" என்றான். "செபத்தச் சொல்றதுனாலதான்டா என்னால சும்மா இருக்க முடியல" என்றேன். சோறு போட்டேன், சாப்பிட்டான். கை கழுவிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "பகையத் தேடிப் போயி வீட்டுக்குக் கூட்டிட்டு வர்ற ஆள நான் ஒங்களத்தான் பாக்குறேன்."

கருப்பன் மருந்து குடித்தது

மூக்கம்மாவின் புருஷன் கருப்பன் மேல்முகாமில் கல் சுமக்கிறவன். ஒரு நாள் மத்தியானம் மணி அடித்தது. குமாஸ்தா கேட்டுவிட்டு, "சுண்ணாம்புக்காரி புருஷனுக்கு மலைக்காய்ச்சல். ஆஸ்பத்திரிக் கொட்டகையில் கிடக்கிறான். கொயினா மருந்து கொடுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு குடிக்க மாட்டேன் என்கிறானாம். இரண்டு நாளாகிறது. இன்றைக்கும் குடிக்காவிட்டால் பிழைக்க மாட்டான் என்கிறார் கம்பவுண்டர். பைலி அவனைக் கட்டிலோடு பெட்டிப் பக்கம் தூக்கி வருகிறானாம்" என்றார். நான் ஓடிப்போய் மூக்கம்மாவை இழுத்து வந்தேன். கையெல்லாம் சுண்ணாம்பு. கொட்டகை வாசலில் வந்து, எப்போதும் போல, கூப்பிடும் வரைக்கும் வெளியே நின்றாள். அவளுக்கு எதற்காக அவன் குடிக்கவில்லை என்று தெரியும்: அவன் கூட்டத்தில் அந்த மருந்துத் தூளைக் குடித்த இரண்டு பேர் செத்துப் போனார்கள். கம்பவுண்டர் பேசுகிற தெலுங்கு இவனுக்குப் புரியாது. பைலி பேசுவது பாதி புரியும். அந்த மலையில் அவன் நம்புகிற வாய் ஒன்றுகூட இல்லை.

"அவள் என்ன சொல்ல வேண்டுமோ என்னிடம் சொல்லட்டும், நான் சொல்கிறேன்" என்றார் குமாஸ்தா. "ஐயா, அவன் நம்ம பேச்ச நம்ப மாட்டான். பைலி அவனைக் கட்டிலோட தூக்கிப் பெட்டிக்குப் பக்கத்துல கொண்டாந்து வச்சிருக்காக. இவ குரல்தான் வேணும்" என்றேன். "அப்படியானால் அவள் சிரட்டையை எடுத்து வா." புங்கமரத்தைப் பார்த்தேன். அன்றைக்குக் காலையில் அடித்த காற்றில் சிரட்டை விழுந்து, மாட்டுக் குளம்பு பட்டு இரண்டாகக் கிடந்தது. குமாஸ்தா எழுந்து பெட்டிக்குக் குறுக்கே வந்து நின்றார். நான் அவரைத் தொடவில்லை. "வழி விடுங்க ஐயா" என்று மட்டும் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் வழி விட்டார். மூக்கம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்து, "வாய வச்சுப் பேசுடி" என்றேன்.

அவள் குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கேட்கிற குழலை எங்கள் இருவர் காதுக்கும் நடுவே நான் பிடித்தேன்.

"ஏய்யா! நான்தான்."

மேலே மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "நீ செத்துப் போயிட்டியா? குரலு மட்டும் வருது" என்றான் கருப்பன்.

"நான் எதுக்குச் சாகுறேன்? சாகப் பாக்குறது நீ. அந்த மருந்தக் குடி."

"குடிச்சவன் எல்லாம் மண்ணுக்குள்ள போறான்."

"குடிக்காதவன் எங்க போறானாம், கம்பத்துச் சந்தைக்கா? குடிய்யா. நான் கங்காணிகிட்டச் சொல்லிட்டு இப்பவே மல ஏறுவேன். வந்து பாக்கும்போது நீ குடிக்காமக் கெடந்தா, காய்ச்சலு ஒன்ன ஒண்ணும் செய்யாது, நான் செய்வேன்!"

நான் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன். கடைசியில் பைலியின் குரல் வந்தது, சிரிப்பும் அழுகையுமாக: "குடிச்சு சேச்சி, குடிச்சு! கம்பவுண்டரப் பயந்தில்ல, இந்தப் பெட்டியப் பயந்துதான் குடிச்சான்!"

துடைக்கச் சொன்னது

மூக்கம்மா அப்போதே மலை ஏறினாள். அவள் போனதும் நான் மிச்சமிருந்த இரண்டு சிரட்டையையும் ஆணியிலிருந்து எடுத்தேன். புங்கமரத்தடியில் கிடந்த உடைசலையும் பொறுக்கிக்கொண்டேன். மூன்றும் சேர்ந்து அடுப்பில் நன்றாக எரிந்தன. அன்றைக்குக் கஞ்சி சீக்கிரமே வெந்துவிட்டது.

மறுநாள் காலையில் குமாஸ்தா கொட்டகைக்குள் வரவில்லை. வாசலுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "சாணித் தண்ணீர் தெளித்துப் பெட்டியைத் துடை. இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போ" என்றார். "தொடைக்கவும் மாட்டேன், போகவும் மாட்டேன் ஐயா" என்றேன். உட்கார்ந்து செபமாலையை எடுத்தேன். உள்ளே பயம்தான், உங்களிடம் எதற்கு மறைக்க? போனால் சோற்றுக்குப் பிள்ளைகள் வாசலில் போய் நிற்க வேண்டும். துடைத்தாலோ, நேற்று அவள் பேசினது எல்லாம் அழுக்கு என்று நானே என் கையால் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவர் என் மேல் மேலதிகாரியிடம் புகார் சொல்லுவதாக எழுந்தார். இரண்டு எட்டு வைத்தார். நின்றார். புகார் சொல்ல இருக்கிற வழி அந்தப் பெட்டிதான். பெட்டியிலோ வாய் வைக்க முடியாது. திரும்பி உட்கார்ந்து காகிதத்தில் எழுதினார். காகிதம் போக வண்டி வேண்டும். வண்டி போக, பாதை நன்றாயிருக்கிறதா என்று யாராவது பைலியிடம் கேட்க வேண்டும். கேட்கவும் அதே பெட்டிதான்.

வண்டிகள் முழுக்கச் சுண்ணாம்பு ஏற்றி வரிசையாக நின்றன. மேஸ்திரியும் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. மணி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. நான் அசையவில்லை; வண்டி விஷயம் மேஸ்திரி வாயால் கேட்டால்தான் செல்லும். தெற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. சுட்ட சுண்ணாம்பில் மழை பட்டால் கொதித்துப் புகையும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். மூடையும் வேகும், வண்டியும் வேகும், பூட்டின மாடும் வேகும். ஏற வேண்டும், அல்லது இறக்க வேண்டும். இரண்டில் எது என்று மேலே இருக்கிறவன்தான் சொல்ல வேண்டும். முதல் தூறல் ஓலையில் விழுந்தது. மேஸ்திரி உள்ளே வந்தார்.

"தொடச்சியா?"

"இல்ல மேஸ்திரி."

"தொடைக்கவே மாட்டியா?"

"மாட்டேன். ஒருத்தன் உசிரு அது வழியாத்தான் திரும்பி வந்துச்சு. அத எப்பிடித் தொடைக்கச் சொல்றீக?"

அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், வெளியே மாடுகளைப் பார்த்தார். பிறகு குழலைப் பிடித்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கசாயம் குடிக்கிறவர் மாதிரி வாயை வைத்தார். "ஏலே பைலி! பாதை எப்பிடி?" மேலே மழை இல்லை, உடனே ஏறச் சொல், நடுப்பாதையில் தார்ப்பாயோடு ஆள் நிற்கும் என்றான் பைலி. கருப்பன் கஞ்சி குடித்தான் என்றும் சொன்னான். மேஸ்திரி மறுபடி குழலில் வாய் வைத்தார். "அவ போயிச் சேந்துட்டாளா?" என்று கேட்டார். சேர்ந்துவிட்டாள் என்று பதில் வந்தது. குழலை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"மேஸ்திரி, நீங்களுமா?" என்றார் குமாஸ்தா.

மேஸ்திரி மாட்டுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "எச்சிலு என் வாயோட போகும் குமாஸ்தய்யா, மழை பெஞ்சா என் மாடு போகும். ஒங்களுக்குப் புகார் சொல்லணும்னா வண்டியில ஏறுங்க, சுண்ணாம்பு மூடை மேல எடம் இருக்கு."

அவர் ஏறவில்லை, காகிதம் மட்டும் ஏறியது. அதற்குப் பதில் வந்ததா என்று கேட்க அவரும் ஒரு நாள் அந்தப் பெட்டியில்தான் வாய் வைக்க வேண்டும், அதுவரைக்கும் அதில் தூசி படியாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.